72,000 ரூபாய்க் குடும்பங்கள்

இ-சேவை மையத்தில் எனக்கு முன்னால் நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். சின்னச் சின்னக் கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர். மகளின் கல்லூரிச் சலுகைக்கு வருமானச் சான்று வேண்டும் என்று வந்திருந்தார். கணினி முன்னால் இருந்த பெண் ஆதாரையும் குடும்ப அட்டையையும் வாங்கி ஸ்கேன் செய்துவிட்டு, நிமிராமலேயே கேட்டார்.

"வருமானம் எவ்வளவு சார் போடட்டும்?"

"எவ்வளவு போடலாம்?"

"எல்லாரும் 72 போடுறாங்க."

"அப்ப அதையே போட்டுடும்மா."

72 என்றால் ஆண்டுக்கு 72,000 ரூபாய். மாதம் 6,000. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு நெடுநாள் இருந்த வருமான வரம்பு அதுதான். பிறகு அதை 1,20,000 ஆக உயர்த்திவிட்டார்கள். ஆனால் அந்தப் பழைய எண் மக்கள் வாயில் தங்கிவிட்டது. 60 ரூபாய் கட்டணம் கட்டினால் கோப்பு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று நகர்ந்து, சில நாளில் நாமும் 72,000 ரூபாய்க் குடும்பம் ஆகிவிடலாம்.

இதைப் பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. அவரைத் தனியாக உட்கார வைத்து, பயமில்லாமல் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டாலும், ஆண்டு வருமானம் இவ்வளவு என்று அவரால் சொல்ல முடியாது. ஆடியில் வேலை குறைவு, ஐப்பசி மழையில் வேலையே இல்லை, தையில் மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் வேலை. இரண்டு பேர் இன்னும் பாக்கி தரவில்லை. இவர் கம்பிக் கடைக்குப் பாக்கி. இதில் எது வருமானம், எது முதல், எது கடன் என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாது. மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான் வருமானம் ஒற்றை எண்ணாக இருக்கிறது. நாட்டில் பாதிப் பேருக்கு மேல் அப்படி ஒரு எண்ணே கிடையாது. அந்த எண்ணை வைத்துத்தான் யார் ஏழை, யார் வசதியானவர் என்று எல்லா அலுவலகங்களும் கோடு போடுகின்றன. ஒவ்வொரு அலுவலகமும் வேறு வேறு இடத்தில் போடுகிறது என்பது அதைவிட வேடிக்கை.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கோவைப் பக்கம். கணவர் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், மனைவி வீட்டிலேயே தையல். இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 7 லட்சம். இரண்டு பிள்ளைகள். இரண்டு சென்ட்டில் சொந்த வீடு, படுக்கையறையில் ஒரு ஏ.சி., பழைய கார் ஒன்று.

ரேஷன் கடையில் இவர்களுடையது முன்னுரிமையற்ற அரிசி அட்டை. முன்னுரிமை இல்லை என்று அட்டையே சொல்கிறது, ஆனாலும் விலையில்லா அரிசி உண்டு. தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாருக்கும் பொது என்பதால் வந்த சௌகரியம் இது. மகளிர் உரிமைத் தொகைக்குப் போனால் கதை மாறும். 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது வைத்த கோடு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நிலம் இருந்தால் நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது. அந்தக் கவுன்ட்டரில் இவர்கள் வசதியானவர்கள். இவர்களே எந்த இடஒதுக்கீட்டுப் பட்டியலிலும் வராத சாதியாக இருந்து, ஒன்றிய அரசு வேலைக்கோ கல்விக்கோ விண்ணப்பித்தால் மறுபடியும் கதை மாறும். 2019-இல் 103-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு வந்த 10 சதவீத ஒதுக்கீட்டுக்கு வரம்பு 8 லட்சம். நகராட்சிப் பகுதியில் மனை 100 சதுர கஜத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு சென்ட் என்பது 97 சதுர கஜத்தை ஒட்டி வரும். ஆக இவர்கள் 'பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்'. வருமான வரித் துறை இவர்களை எட்டிக்கூடப் பார்க்காது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி பூஜ்யம். சந்தை ஆய்வாளர்கள் சிலர் ஆண்டுக் குடும்ப வருமானம் 5 முதல் 30 லட்சம் வரை நடுத்தர வர்க்கம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது நடுத்தரக் குடும்பம்.

அதே வீடு, அதே ஏ.சி., அதே நாலு பேர். கோடு போட்டவர் யார், எதற்காகப் போட்டார் என்பதைப் பொறுத்து இவர்களின் வர்க்கம் மாறிக்கொண்டே இருக்கிறது. கொடுக்கிற இடத்தில் கோடு கீழே இறங்கும், வாங்குகிற இடத்தில் மேலே ஏறும் என்று பொதுவாகச் சொல்லலாம். அந்த 8 லட்சம் வரம்பு இதற்கும் பிடிபடாதது. 8 லட்சத்தை 12-ஆல் வகுத்து, நாலு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு மாதம் 16,667 ரூபாய். 2023-24 குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புற இந்தியர் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். வருமானமும் செலவும் ஒன்றில்லைதான். அப்படியே பார்த்தாலும், சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போய் நிற்கிற ஒரு கோட்டை 'நலிவு' என்று அழைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சரி, வருமானத்தை நம்ப முடியாது, செலவைப் பார்க்கலாமே என்றுதான் பொருளாதார அறிஞர்கள் நினைத்தார்கள். இந்தியாவின் வறுமைக் கோடுகள் எல்லாமே செலவை வைத்துப் போட்டவை. ஆரம்பத்தில் கலோரிக் கணக்கு. கிராமத்தில் நாளுக்கு 2,400, நகரத்தில் 2,100 கலோரி சாப்பிட என்ன செலவாகும் என்பது கோடு. பிறகு பொருளாதார அறிஞர் டெண்டுல்கர் தலைமையிலான குழு அந்தக் கோட்டை மாற்றிப் போட்டது. 2011-இல் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் என்று சொல்லப்போக, நாடே கொந்தளித்தது. சி. ரங்கராஜன் குழு 2014-இல் அதை 47, 32 என்று உயர்த்தியது. அதையும் யாரும் கொண்டாடவில்லை.

செலவுக் கணக்கு ஏழையைக் காட்டும், பணக்காரரைக் காட்டாது. 2022-23 கணக்கெடுப்பில் நகர்ப்புறத்தின் மேல் 5 சதவீதத்தினர் தலைக்கு மாதம் செலவிட்டது சராசரியாக 20,824 ரூபாய். நாலு பேர் குடும்பத்துக்கு 83,000 சொச்சம். ஓ.எம்.ஆர். சாலையில் இரண்டு பேரும் ஐ.டி.யில் இருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் கணக்கைக் காட்டினால் "இதுவா உச்சம்?" என்று சிரிப்பார்கள். பெரிய பணக்காரர் வீட்டு வாசலைத் தாண்டிக் கணக்கெடுப்பவர் உள்ளே போவது கஷ்டம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் புறநானூற்றுப் புலவர் எப்போதோ சொல்லிவிட்டார்: 'உண்பது நாழி, உடுப்பவை இரண்டே.' கோடீஸ்வரரும் ஒரு வயிற்றுக்குத்தான் சாப்பிட முடியும். மிச்சம் செலவாக வெளியே வராது, சொத்தாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வங்கி வைப்பில், பங்கில், முக்கியமாக மண்ணில்.

மண்ணில் என்பதைச் சும்மா சொல்லவில்லை. 2019-இல் நடந்த கடன் மற்றும் முதலீட்டுக் கணக்கெடுப்பின்படி கிராமக் குடும்பங்களின் சொத்து மதிப்பில் 10-இல் 9 பங்கு நிலமும் கட்டடமும்தான். நகரத்திலும் ஏறக்குறைய அதே கதை. கிராமத்தில் மேல் 10 சதவீதக் குடும்பங்களிடம் பாதிச் சொத்து. கீழ்ப் பாதிக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பது 10 சதவீதம். நகரத்தில் அந்தக் கீழ்ப் பாதியின் பங்கு 6 சதவீதம். ஊரில் யாரைப் பற்றியாவது விசாரித்தால் "சம்பளம் எவ்வளவு?" என்று முதலில் கேட்பதில்லை. "சொத்துபத்து ஏதாவது இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். கணக்கெடுப்பு அதிகாரிகளைவிடக் கல்யாணத் தரகர்கள் இந்த விஷயத்தில் தெளிவானவர்கள்.

அப்படியானால் அரசாங்கம் ஏன் சொத்தை அளக்கவில்லை? அளந்து பார்த்தது. 1953-இல் இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கு வரி வந்தது. 1957-இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி அமைச்சராக இருந்தபோது சொத்து வரிச் சட்டம் வந்தது. வீட்டுக்கு உள்ளாட்சி வாங்கும் சொத்து வரி வேறு, இது ஒருவரின் மொத்தச் செல்வத்தின் மேல் ஒன்றிய அரசு போட்ட வரி. முதலாவதை 1985-இல் வி.பி. சிங் நீக்கினார். இரண்டாவதை 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி நீக்கினார். கடைசிக் காலத்தில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட நிகர மதிப்புக்கு 1 சதவீதம் என்று இருந்த அந்த வரி, 2013-14-இல் நாடு முழுவதிலிருந்தும் 1,008 கோடி ரூபாய்தான் வசூலித்தது. பங்குகள் கணக்கில் வராது, விவசாய நிலம் வராது, மதிப்பைக் குறைத்துக் காட்டலாம். கடைசியில் வசூலிக்கும் செலவுக்கே கட்டுப்படியாகவில்லை என்றார்கள்.

இதன் விளைவை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஏழை யார் என்று சொல்ல இந்தியாவில் குழு மேல் குழு இருந்தது. பணக்காரர் யார் என்று சொல்ல இன்றைக்கு ஒரு சட்டமும் இல்லை. வருமான வரியில் 50 லட்சத்துக்கு மேல் கூடுதல் தீர்வை போடுகிறார்கள், அதை வேண்டுமானால் ஒரு மறைமுக இலக்கணமாக எடுத்துக்கொள்ளலாம். பங்குச் சந்தைக்காரர்கள் தாராளமானவர்கள். புதிய பங்கு வெளியீட்டில் 2 லட்சத்துக்கு மேல் விண்ணப்பித்தாலே பேச்சுவழக்கில் நம்மை எச்.என்.ஐ., அதாவது பெரும் செல்வந்தர், என்று அழைத்துவிடுவார்கள். கடன் வாங்கி விண்ணப்பித்தாலும் அப்படித்தான்.

வருமானமும் சொத்தும் கண்ணுக்குத் தெரியாது என்றால், கண்ணுக்குத் தெரிவதை எண்ண வேண்டியதுதான். சோப்பு விற்கும் கம்பெனிகள் இதை முதலில் புரிந்துகொண்டன. சம்பளம் என்ன என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்து, 2011-இல் சந்தை ஆய்வாளர்கள் கொண்டுவந்த முறையில் 11 பொருட்களின் பட்டியல் இருந்தது. மின் இணைப்பு, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இருசக்கர வாகனம், கலர் டி.வி., பிரிட்ஜ் என்று போகும். இதில் எத்தனை வீட்டில் இருக்கிறது, வீட்டின் முதன்மைச் சம்பாத்தியக்காரர் எவ்வளவு படித்திருக்கிறார், அவ்வளவுதான் கேள்வி. ஏ-1 முதல் இ-3 வரை 12 படிகளில் குடும்பத்தை உட்கார வைத்துவிடுவார்கள். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஆய்வுக்காகத் தெருத் தெருவாகப் படிவத்தோடு போவார்களே, அவர்கள் கையில் இருப்பது குப்புசாமி அளவுகோல். படிப்பு, தொழில், வருமானம் மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 29-க்கு எவ்வளவு என்று வரும். 1976-இல் வந்த அளவுகோல், விலைவாசிக்கு ஏற்ப வருமானப் பகுதியை மட்டும் திருத்தித் திருத்தி இன்றும் ஓட்டுகிறார்கள்.

பொருளை எண்ணும் முறைக்கு ஒரு தொல்லை உண்டு. பொருள் சீக்கிரம் கிழடாகிவிடும். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில், கிராமத்து வீட்டில் தரைவழித் தொலைபேசி இருந்தால் அந்தக் குடும்பம் தானாகவே ஏழைப் பட்டியலிலிருந்து வெளியே. பிரிட்ஜ் இருந்தாலும் வெளியே, மோட்டார் சைக்கிள் இருந்தாலும் வெளியே. இன்று அந்தத் தொலைபேசியை வீட்டில் வைத்திருப்பவரைப் பார்த்தால் பரிதாபம்தான் வரும். மின்சார யூனிட்டும் அப்படித்தான். ஆண்டுக்கு 3,600 என்றால் மாதம் 300 யூனிட். ஏ.சி. ஓடும் வீட்டைப் பிடிக்க நல்ல தூண்டில். ஆனால் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் ஓடும் வீட்டில், மூன்று ஏழைக் குடும்பம் சேர்ந்து ஒரு பணக்காரக் குடும்பமாகத் தெரியும்.

நகை இன்னும் சுவாரஸ்யம். 2021-இல் தமிழ்நாட்டில் கூட்டுறவு நிறுவனங்களின் நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோது கோடு 40 கிராம், 5 பவுன். அதற்குள் அடகு வைத்தவர்தான் எளியவர். வருமான வரித் துறைக்கோ 1994-இல் போட்ட ஒரு பழைய அறிவுறுத்தல் இருக்கிறது. வீட்டில் சோதனை நடந்தால், திருமணமான பெண்ணிடம் 500 கிராம் வரை உள்ள நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம், திருமணமாகாதவரிடம் 250, ஆணிடம் 100. 500 கிராம் என்பது அறுபத்திரண்டரைப் பவுன். ஒரு அலுவலகம் 5 பவுனைத் தாண்டினால் வசதி என்கிறது, இன்னொன்று 62 பவுனை ஒரு பெண்ணிடம் இயல்பாக இருக்கக்கூடியது என்று விட்டுவிடுகிறது. இரண்டு அலுவலகமும் ஒரே தெருவில் இருக்கக்கூடும்.

இதுவரை பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வர்க்கம் என்பது பணம் மட்டும்தானா என்பது பழைய சண்டை. உற்பத்திக் கருவி யார் கையில் என்பதைப் பார் என்றார் மார்க்ஸ். செல்வம் ஒன்று, மதிப்பு ஒன்று, அதிகாரம் ஒன்று, மூன்றும் எப்போதும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டியதில்லை என்றார் ஜெர்மன் சமூகவியலாளர் வெபர். நமக்கு இது புரியப் பெரிய படிப்பு வேண்டாம், தஞ்சாவூர் போதும். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் அங்கே ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். ஊர்ப்பெயரை மறைத்து ஸ்ரீபுரம் என்று வைத்துக்கொண்டார். பழைய ஏற்பாட்டில் நிலம், சாதி, அதிகாரம் மூன்றும் ஒரே தெருவில் குடியிருந்தன. மிராசுதாரர் அக்ரகாரத்தில், குத்தகைக்காரர் நடுத்தெருக்களில், பண்ணையாள் சேரியில். அவர் போன நேரத்தில் அந்த மூன்றும் பிரியத் தொடங்கியிருந்தன. நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணத்து வேலைக்குப் போனவர்கள், ஓட்டின் பலத்தால் பஞ்சாயத்தைப் பிடித்தவர்கள் என்று கணக்கு மாறிக்கொண்டிருந்தது. நில உச்சவரம்பு 1961-இல் 30 ஸ்டாண்டர்ட் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும்) ஏக்கராகவும் 1970-இல் 15 ஆகவும் வந்தது அந்த மாற்றத்தின் காலத்தில்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலத்தை விற்ற குடும்பத்திடம் படிப்பு மிஞ்சியது. பண்ணையாள் குடும்பத்திடம் விற்க நிலமும் இல்லை, மிஞ்சப் படிப்பும் இல்லை. இரண்டு வீட்டிலும் ஒரே ஆண்டில் ஒரே வருமானம் வந்திருந்தாலும் இரண்டும் ஒரே வர்க்கம் ஆகாது.

இந்த வேறுபாட்டை ரூபாயால் அளக்கப் போய்த்தான் எம்.ஜி.ஆர். கையைச் சுட்டுக்கொண்டார். 1979 ஜூலையில் அவருடைய அரசு ஒரு ஆணை போட்டது. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான இடஒதுக்கீடு இனி ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும். மாதம் 750 ரூபாய். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஏழைக்குப் போகட்டுமே என்ற வாதத்தை எதிர்ப்பது கடினம். எதிர்த்தார்கள். திராவிடர் கழகமும் தி.மு.க.வும் வீதிக்கு வந்தன. அரசியல் சட்டம் 'சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும்' பின்தங்கியவர் என்றுதான் சொல்கிறது, பணத்தைப் பற்றிச் சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். அதற்குப் பின்னால் ஒரு நடைமுறை உண்மையும் இருந்தது. 9,000 ரூபாயைத் தாண்டுபவர் யார்? பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர், வருமானத்தை மறைக்க வழியில்லாத ஆசிரியரும் குமாஸ்தாவும். அந்தத் தலைமுறையில்தான் அந்த வீடுகளில் முதன்முதலாக ஒருவர் அரசு வேலைக்குள் நுழைந்திருந்தார். நுழைந்த கையோடு அவர் பிள்ளைக்குக் கதவு சாத்தப்பட்டது.

1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் இரண்டில் மட்டும் வென்றது. தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் சேர்ந்து நின்றதும் பெரிய காரணம்தான், எல்லாவற்றையும் அந்த ஆணையின் தலையில் கட்ட முடியாது. எம்.ஜி.ஆர். அப்படித்தான் கட்டினார் போலிருக்கிறது. ஆணையைத் திரும்பப் பெற்றதோடு, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31-இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார். அதன் பிறகு இங்கே எந்த முதலமைச்சரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

டெல்லி வேறு வழியில் போனது. 1992 இந்திரா சாஹ்னி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பிற்படுத்தப்பட்டோரிலேயே வசதியானவர்களை, அதாவது 'கிரீமி லேயரை', இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கச் சொன்னது. 1993-இல் ஆண்டு வருமானம் 1 லட்சம் என்று தொடங்கிய வரம்பு படிப்படியாக ஏறி 2017-இல் 8 லட்சத்தில் வந்து நின்றிருக்கிறது. அதன் உள்விவரம்தான் கவனிக்கத் தக்கது. அந்த 8 லட்சத்தில் சம்பளமும் சேராது, விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியர் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் பதவிதான் அளவு. குரூப் ஏ என்ற உயர் அதிகாரிப் பதவியில் நேரடியாகச் சேர்ந்தவர் பிள்ளை என்றால் சம்பளம் எதுவானாலும் வெளியே. ரூபாயை மட்டும் வைத்து வர்க்கத்தைச் சொல்ல முடியாது என்று அந்த விதியை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாடு அப்புறம் செய்ததுதான், என் பார்வையில், இந்தியாவிலேயே சாமர்த்தியமான வர்க்க அளவுகோல்கள். 2010-இல் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்விக்கு வருபவரின் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை. வருமான வரம்பு கிடையாது, சாதியும் கேட்பதில்லை. கேள்வி ஒன்றே ஒன்று: உன் வீட்டில் உனக்கு முன்னால் யாராவது கல்லூரிக்குப் போனார்களா? வருமானத்தைக் குறைத்துச் சொல்லலாம், பட்டத்தை மறைப்பது அத்தனை சுலபமில்லை. அது அளப்பதும் சரியானதை. எந்தப் பாடப் பிரிவை எடுப்பது, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிப்பது, கல்லூரியில் யாரிடம் போய் என்ன கேட்பது என்று சொல்ல ஒரு ஆள் வீட்டில் இருக்கிறாரா என்பதுதான் பல வீடுகளில் பணத்தைவிடப் பெரிய சொத்து. 2020-இல் வந்த 7.5 சதவீத மருத்துவ உள் ஒதுக்கீடும் இதே வழிதான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதே தகுதி. தனியார் பள்ளிக்கும் நீட் பயிற்சிக்கும் கட்ட முடிந்தவர் தன் பிள்ளையை ஏழாண்டு அரசுப் பள்ளியில் விட்டுவைக்க மாட்டார் என்ற கணிப்பு அதில் இருக்கிறது.

ஓட்டை இல்லாமல் இல்லை. அண்ணன் முதல் பட்டதாரி ஆகிவிட்டால் தங்கைக்குச் சலுகை கிடையாது, நாலு வருடத்தில் அந்த வீடு வர்க்கம் மாறிவிட்டது என்று கணக்கு. அரசு உதவிபெறும் பள்ளியில், அதே தெருவில், அதே வறுமையில் படிக்கும் பிள்ளை 7.5-க்கு வெளியே நிற்கிறது. கோடு என்று ஒன்று இருந்தால் அதற்கு இரண்டு அடி தள்ளி அழுதுகொண்டு நிற்பவரும் இருப்பார்.

படிப்போடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. தமிழில் அதற்கு அழகான சொல் இருக்கிறது: செல்வாக்கு. செல்லுபடியாகும் வாக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்க்க வேண்டிய ராத்திரியில் முதலில் வரும் கேள்வி, "அங்க தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" ஒரு போனில் வேலை முடியும் வீடும், மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கும் வீடும் ஒரே சம்பளம் வாங்கலாம். எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.

இத்தனைக்கும் நடுவில், நம் ஊரில் தன்னைப் பணக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. மூன்று வீடு வாடகைக்கு விட்டிருப்பவரிடம் கேட்டால், "ஏதோ கடவுள் புண்ணியத்துல ஓடுது" என்பார். அடக்கம் கொஞ்சம், கண்ணுபடும் என்ற பயம் கொஞ்சம், கடன் கேட்டுவிடுவார்களோ என்ற முன்ஜாக்கிரதை நிறைய. அடுத்தவரைச் சொல்லும்போதும் பணக்காரர் என்பது பாதித் திட்டு, அதனால் 'வசதியானவங்க' என்போம். மறுபக்கம், அன்றாடங்காய்ச்சி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவும் யாருக்கும் விருப்பமில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் நகர்ந்து நகர்ந்து எல்லாரும் நடுவில் வந்து நெருக்கி உட்கார்ந்திருக்கிறோம். அதற்குப் பெயர்தான் மிடில் கிளாஸ்.

எண்கள் அந்த நெருக்கத்தைக் கலைத்துவிடுகின்றன. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2.9 லட்சம் சம்பாதிக்கும் பெரியவர் ஒருவர் மேல் 10 சதவீதத்துக்குள் வந்துவிடுவார். மாதம் 24,000 சொச்சம். சுமார் 20.7 லட்சம் என்றால் மேல் 1 சதவீதம். சொத்துக் கணக்கில் தலைக்குச் சுமார் 82 லட்சம் இருந்தால் மேல் 1 சதவீதம். சென்னையில் கடன் தீர்ந்த ஒரு நல்ல அடுக்குமாடி வீடு அந்த அளவுக்கு வந்துவிடும். அதன் சொந்தக்காரர், பெட்ரோல் விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டே, தன்னை நடுத்தரம் என்று உண்மையாகவே நம்புகிறார். அந்த 1 சதவீதத்துக்குள்ளேயே ஏறிப்போனால் உச்சியில் இருப்பவர் அவரைவிடப் பல ஆயிரம் மடங்கு மேலே. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத் தன் காலுக்குக் கீழே எத்தனை படி என்று தெரிவதில்லை.

ஆனால் 24,000 ரூபாய்க்காரரை வசதியானவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கேதான் வருமானமும் செல்வமும் பிரிகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஐ.டி.யில் மாதம் ஒன்றரை லட்சம் வாங்குகிறான். வீட்டுக் கடன் தவணை 62,000. ஊரில் அப்பா வாங்கிய கடனுக்கு 20,000. தங்கை கல்யாணத்துக்கு ஒரு சீட்டு. அவன் வேலை போனால் மூன்றாவது மாதம் வீடு ஆடும். அவன் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு ஓய்வுபெற்ற மனிதர். கைக்கு வருவது 35,000. தாத்தா கட்டிய வீடு, கடன் இல்லை, மாடியில் ஒரு குடித்தனம், வெளிநாட்டில் மகள், நகரின் பெரிய டாக்டர் ஒருவர் பள்ளித் தோழர். வருமானப் பட்டியலில் பையன் எங்கோ மேலே, இவர் எங்கோ கீழே. இரண்டு பேரில் யார் வசதியானவர் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பெரியவரைத்தான் காட்டுவார்கள். வருமானம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும் என்ற கேள்வியைத்தான் அவர்கள் மனசுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பதிலை எந்தத் தாலுகா ஆபீசும் சான்றாகத் தருவதில்லை.

இ-சேவை மையத்துக்குத் திரும்புகிறேன். விண்ணப்பம் பதிவாகி ரசீது வந்துவிட்டது. அவர் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "இதுல ஐ.டி. ரிட்டர்ன் இருக்கும்மா, ரெண்டு காப்பி எடுத்துக் கொடு. ஹவுசிங் லோனுக்குக் கேட்டிருக்காங்க." அச்சு இயந்திரத்திலிருந்து தாள் மெதுவாக வந்தது. மொத்த வருமானம் என்ற வரிக்கு எதிரே 6,40,000 என்று இருந்தது. அந்தப் பெண் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் தனித்தனி உறையில் போட்டு, ஒன்றின் மேல் 'தாலுகா' என்றும் இன்னொன்றின் மேல் 'பேங்க்' என்றும் பேனாவால் எழுதி நீட்டினார்.

"மாத்திக் கொடுத்துடாதீங்க சார்."